கழுகுமலைக் குரத்தியார்

தூத்துக்குடிக் கடற்கரையை முத்துக்கரை என்று உலகம் அறியும். தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தருகே இருந்த கொற்கை பாண்டியரின் பழந்துறைமுகம். அர்த்தசாத்திரம் முத்து வகைகளை எண்ணத் தொடங்கும்போது தாமிரபரணி முத்தையும் பாண்டியகவாட முத்தையும் முன்னிறுத்துகிறது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்புளூஸ், கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக்குளித்தனர் என்று கூறுகிறது. சிலப்பதிகாரத்தில் கோப்பெருந்தேவியின் சிலம்பில் இருந்த பரல் முத்து. கண்ணகியின் சிலம்பில் இருந்த பரல் மாணிக்கம். அந்த வேறுபாட்டினால்தான் ஒரு பெண்ணின் வழக்கு அரசவையில் வென்றது. பாண்டியன் உயிர்நீத்தபின் அரசுகட்டில் ஏறியவனும் கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியனே.

முத்துச் சிலாபத்தின் வரலாற்றை எழுதியவர்கள் அரசரை எழுதினர், வணிகரை எழுதினர், போர்த்துக்கீசியரையும் டச்சுக்காரரையும் ஆங்கிலேயரையும் எழுதினர். கடலில் மூழ்கிய ஆடவரைக் கூட்டமாகக் குறித்தனர். மூழ்கியவன் மீளும்வரை கரையில் காத்திருந்த மனைவியையும் தாயையும் குறித்தவர் அரியர். அக்கரையில் பெரிய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. இன்று அங்கே வெயிலில் வெண்மையாக ஒளிர்வது உப்பு. உப்பளங்களில் கால் வெடிக்கக் கால் வெடிக்க உப்புச் சுமப்போருள் பெருந்தொகையினர் பெண்கள். ஒரே வெயிலில் நின்றாலும் ஆண் கூலியினும் பெண் கூலி குறைவாக இருக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. மழைக்காலத்தில் அந்தக் கூலியும் இல்லை. முத்தானாலும் உப்பானாலும் அக்கரையில் பெண்ணின் உழைப்பு உண்டு. பெண்ணின் பெயர் இல்லை.

அதே மாவட்டத்தில், கடலை விட்டு உள்நாட்டில் கோவில்பட்டிக்கு அப்பால், பெண்களின் பெயர்களைப் பெயர் பெயராகச் சுமந்து நிற்கும் பாறை ஒன்று இருக்கிறது. அதுவே கழுகுமலை. நம் குடும்பங்கள் பெரும்பாலும் வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் பகுதிகளில் வாழ்வதால் திருமலைக்கும் மேல்சித்தாமூருக்கும் திருநறுங்கொண்டைக்கும் செல்வதுபோல் கழுகுமலைக்கு எளிதில் செல்வதில்லை. சென்றவர்களும் தீர்த்தங்கரர் திருமேனிகளை வணங்கித் திரும்பிவிடுகின்றனர். திருமேனிகளின் அடியில் உள்ள வட்டெழுத்தைப் படித்துக் காட்ட அங்கே ஆளில்லை. ஆகவே அவ்வெழுத்து என்ன சொல்கிறது என்பதை இம்மலரில் எழுதுவது பொருத்தம் என்று கருதுகிறேன்.

கழுகுமலைக்குக் கல்வெட்டில் அரைமலை என்று பெயர். ஊர்ப்பெயர் திருநெச்சுரம். எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், பராந்தகன் நெடுஞ்சடையன் என்னும் பாண்டியன் காலத்தை ஒட்டி, இங்கே பெரும் சமணப்பள்ளி இயங்கியது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மதுரைக்கு வந்ததோடு பாண்டிநாட்டில் சமணம் அடியோடு அழிந்தது என்று பாடநூல்கள் எழுதிவிடுகின்றன. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் இம்மலையில் உளியோசை ஓயவில்லை என்பதை இங்குள்ள ஏறத்தாழ நூறு வட்டெழுத்துக் கல்வெட்டுகள் காட்டும். அவை தென்னிந்தியக் கல்வெட்டுகள் ஐந்தாம் தொகுதியில் 1925-ஆம் ஆண்டில் அச்சாயின. பெரும்பாலானவை இரண்டு மூன்று வரிகளே. இன்ன ஊர் இன்னாருடைய மாணாக்கர் இன்னார் இத்திருமேனியைச் செய்வித்தார் என்பதே அவற்றின் செய்தி. திருமேனி செய்வித்தவருள் தச்சர் உண்டு, கொல்லர் உண்டு, குயவர் உண்டு. அரசகுலத்தார் மட்டும் எழுப்பிய மலை அன்று இது.

இக்கல்வெட்டுகளில் மீண்டும் மீண்டும் வரும் ஒரு சொல் 'குரத்தி'. மரியாதைப் பன்மையில் குரத்தியார் என்றும் குரத்திகள் என்றும் வரும். தமிழாசிரியனாக இருந்த பழக்கத்தால் இங்கே சற்று நிற்க வேண்டியிருக்கிறது. இச்சொல்லில் உள்ளது இடையின ரகரம். வல்லின றகரம் இட்டுக் குறத்தி என்று எழுதினால் குறிஞ்சி நிலப் பெண்ணைக் குறிக்கும், பொருள் வேறாகிவிடும். குரவர் என்றால் வணங்கத்தக்க பெரியோர். தாய் தந்தையரை இருமுது குரவர் என்கிறோம். அந்தக் குரவர் என்னும் சொல்லுக்குப் பெண்பால் குரத்தி. திருநறுங்கொண்டையைச் சேர்ந்த பலதேவக் குரவடிகளின் மாணாக்கர் கனகவீர அடிகள் கழுகுமலையில் குறிக்கப்பெறுகிறார். ஆண் ஆசிரியருக்குக் குரவடிகள். பெண் ஆசிரியருக்குக் குரத்தியடிகள், குரத்தியார். சொல்லின் தகுதியில் கூடுதல் குறைவு இல்லை.

அப்பாறையில் உள்ள குரத்தியாருள் சிலரை இங்கே எழுதுகிறேன்: திருச்சாரணத்துக் குரத்தியார், மிழலூர்க் குரத்தியார், நால்கூர்க் குரத்தியார், திருப்பருத்திக் குரத்தியார், இளநேச்சுரத்துக் குரத்தியார், சங்கக் குரத்தியார், அரிட்டநேமிக் குரத்தியார். இப்பெயர்களில் பல ஊரைச் சார்ந்தவை. இன்னாருடைய மனைவி என்றோ இன்னாருடைய மகள் என்றோ அறிமுகம் செய்யாமல், இன்ன ஊர் ஆசிரியை என்று கல் அறிமுகம் செய்கிறது. திருச்சாரணம் என்பது கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலை. அங்கிருந்து அரைமலைக்கு வெறுங்காலால் நடந்து வருவது எத்தகைய வழி என்பதை நாஞ்சில் நாட்டிலிருந்து வடக்கே பேருந்தில் வந்தவர்கள்கூட உணரலாம்.

இன்னும் ஒன்று. குரத்தியார் சிலர் ஆண் ஆசிரியர்களுக்கு மாணாக்கியர். ஆனால் அவர்களுக்கும் மாணாக்கர் இருந்தனர். அவர்களுள் பெண்களும் உண்டு, ஆண்களும் உண்டு. திருமேனி செய்வித்த ஒருவர் தம்மை இன்ன குரத்தியாரின் மாணாக்கர் என்று பாறையில் பொறித்துக்கொண்டதில் அவருக்கு நாணம் இல்லை, பெருமையே இருந்திருக்கிறது. குரத்தி என்பது வெறும் மரியாதைப் பட்டம் என்று சொல்லித் தள்ளுவோருக்கு இதுவே விடை. ஆசிரியரால் மாணாக்கர் அறியப்படும் இடத்தில் பெண்ணால் பிறர் அறியப்பட்டனர்.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் நம் மரபின் இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். திகம்பர மரபு பெண்பிறவியில் வீடுபேறு இல்லை என்று கொள்கிறது. ஆடை துறத்தல் முழுத்துறவுக்கு இன்றியமையாதது. பெண்ணுக்கு அது இல்லை. ஆகவே அவள் நோற்று, ஆணாகப் பிறந்து, பின்னரே வீடடைவாள் என்பது நூல்களின் முடிவு. சுவேதாம்பரரும், இப்போது வழக்கொழிந்துபோன யாபனீயரும் இதனை ஏற்கவில்லை. பல ஆண்டு நோற்ற ஆர்யிகையும் நேற்றுத் தீக்கை பெற்ற முனிவரை வணங்க வேண்டும் என்ற முறையும் உண்டு. நோன்பில் மட்டும் சலுகை இல்லை. ஒருவேளை உணவு, வெண்ணிற ஒற்றை ஆடை, தலைமயிரைக் கையால் பறித்தல், வெறுங்கால் நடை ஆகிய எல்லாம் அவளுக்கும் உண்டு. கடமை முழுதும் தந்து பயனில் ஒன்றைக் குறைத்து வைத்த ஏற்பாடு இது என்று சொன்னால் பெரியோர் என்னைப் பொறுக்க வேண்டும். அந்த ஏற்பாட்டுக்குள் நின்றே இப்பெண்கள் ஆசிரியர் இருக்கையில் அமர்ந்தனர். தமிழகத்துக் குரத்தியார் இவ்வளவு உயர்ந்ததற்கு யாபனீயரின் தாக்கம் காரணமாகலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். எனக்கோ தமிழகத்து ஊர்மக்களின் இயல்பே பெருங்காரணம் என்று தோன்றுகிறது. தச்சனும் குயவனும் யாரிடம் அறம் கேட்டார்களோ அவரையே ஆசிரியர் என்றார்கள். நூலைப் புரட்டிப் பார்த்துவிட்டு வணங்கவில்லை.

இத்தகைய பெண் ஒருத்தியைச் சிலப்பதிகாரம் நமக்கு முன்பே காட்டியிருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துக்குப் புறத்தே இருந்த கவுந்தியடிகள், பிச்சைப் பாத்திரமும் தோளில் துணியும் கையில் மயிற்பீலியுமாகக் கோவலன் கண்ணகியோடு மதுரைக்குப் புறப்படுகிறார். வழியில் கிழங்கு தோண்டிய குழியிருக்கும், மிதித்தால் சிற்றுயிர் மடியும் என்று இடர்களையெல்லாம் எண்ணிச் சொல்லிவிட்டு, ஆயினும் வருகிறேன் என்கிறார். தம்மைப் பழித்த இருவரை நரியாகுமாறு சபித்துவிட்டு, பிறகு சாபத்துக்கு எல்லையும் வகுக்கிறார். மதுரைப் புறஞ்சேரியில் இடைக்குல மாதரியிடம் கண்ணகியை ஒப்படைப்பவரும் அவரே. கோவலன் கொலையுண்டதைக் கேட்டதும் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டார். வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம், இப்படி ஒரு பெண் துறவி ஊர் ஊராக நடந்திருக்க முடியுமா, இது புலவர் கற்பனைதானே என்று மாணவர் கேட்பதுண்டு. காப்பியப் பாத்திரத்துக்குக் கல்வெட்டைச் சான்றாகக் காட்ட இயலாது. ஆனால் அப்பாத்திரம் நின்ற மண்ணில் அத்தகைய பெண்கள் நடந்தார்கள் என்பதற்குக் கழுகுமலை சான்று.

எழுத்தை விட்டுச் சிற்பத்துக்கு வந்தால் அங்கும் பெண்ணின் கதையே முன்னிற்கிறது. கழுகுமலையின் அம்பிகை சிற்பம் மிகுந்த அழகுடையது. சிங்கமும் பிள்ளைகளும் உடனிருக்க, கையுயர்த்தி நிற்கும் ஆண் உருவம் ஒன்றும் அருகே காணப்படும். நம் வீடுகளில் தருமதேவி என்றும் கூஷ்மாண்டினி என்றும் வணங்கப்படும் இவ்வியக்கியின் கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். முன்னோர் கடனுக்குச் சமைத்த உணவை, விருந்தினர் உண்பதற்கு முன், வாசலில் வந்த சமண முனிவருக்கு இட்டாள் ஒரு பிராமணன் மனைவி. அதற்காகக் கணவன் அவளை இரண்டு குழந்தைகளோடு வெளியே துரத்தினான். பட்ட மாமரம் அவளுக்காகக் காய்த்தது; வறண்ட குளம் நிறைந்தது. மனம் மாறிய கணவன் அழைக்க வந்தபோது, அடிக்க வருகிறான் என்று அஞ்சி அவள் உயிர்விட்டு நேமிநாதரின் இயக்கியானாள். கணவன் அவளுக்கு ஊர்தியாகச் சிங்கமாய்ப் பிறந்தான். இக்கதையில் எனக்கு மிகவும் பொருளுடையதாகத் தோன்றுவது அற்புதம் அன்று. அவள் அஞ்சிய அச்சம். மாமரமும் குளமும் அவள் பக்கம் நின்ற பின்னும், கணவனின் காலடி ஓசை கேட்டதும் அவள் நடுங்கினாள். கதை சொன்னவர் பெண்படும் பாட்டை அறிந்தவராகவே இருக்க வேண்டும்.

தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் ஊர்தோறும் இசக்கியம்மன் கோயில் உண்டு. கையில் குழந்தையோடு இருக்கும் இசக்கியும் பெரும்பாலும் அநீதிக்கு ஆளாகி இறந்த பெண்ணாகவே கதைகளில் வருகிறாள். இயக்கி என்ற சொல்லே இசக்கி ஆயிற்று என்றும், சமணர் வழிபட்ட அம்பிகையின் நினைவு அதில் கலந்திருக்கிறது என்றும் ஆய்வாளர் பலர் கூறுவர். நம்மவர் அப்பகுதியை விட்டு நீங்கியும், துரத்தப்பட்ட அத்தாயை அவ்வூர்ப் பெண்கள் விட்டுவிடவில்லை.

அதே பாறையில் பாகுபலியும் உள்ளார். கொடிகள் படர நிற்கும் அவருக்கு இருமருங்கும் நிற்கும் பெண்கள் அவருடைய உடன்பிறந்தாரான பிராமியும் சுந்தரியும் என்பர். ஆதிநாதர் மூத்தவளுக்கு எழுத்தையும் இளையவளுக்கு எண்ணையும் கற்பித்தார் என்பது நம் புராணம். உலகில் எழுத்து முதலில் கற்பிக்கப்பட்டது ஒரு பெண்குழந்தைக்கு என்று கூறும் மரபு நம்முடையது. பழைய இந்திய எழுத்துக்கே பிராமி என்று அவள் பெயர் நிலைத்தது. தமிழ்பிராமி வழியாக வந்த வட்டெழுத்தில், அவள் உருவம் நிற்கும் அப்பாறையிலேயே, குரத்தியாரின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன.

கழுகுமலையோடு இச்செய்தி முடியவில்லை. சிதறாலில் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில், பேரயக்குடி அரிட்டநேமி படாரரின் மாணாக்கியான குணந்தாங்கிக் குரத்திகள் அங்குள்ள படாரியாருக்குப் பொன் அணி வழங்கினார். வடக்கே, ஆற்காட்டுக்கு அருகில் விளாப்பாக்கத்தில், முதலாம் பராந்தக சோழனின் 38-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அதாவது கி.பி. 945 அளவில் பொறித்தது, திருப்பான்மலை அரிட்டநேமி படாரரின் மாணாக்கி பட்டினிக் குரத்தியார் கிணறு ஒன்று தோண்டுவித்ததைக் கூறும். அக்கிணறு பெண்பள்ளிக்கு உரியதாக்கப்பட்டு, ஊரின் இருபத்துநால்வர் பொறுப்பில் விடப்பட்டது. பட்டினி என்பது நோன்பால் வந்த பெயராக இருக்கலாம். தாம் உண்ணாதிருந்தவர் பிறர் தண்ணீருக்கு வழிசெய்தார்.

நமக்கு மிக அருகில் உள்ளது வந்தவாசி வட்டாரத்து வேடால். கல்வெட்டில் அது விடால் என்னும் மாதேவி ஆரந்திமங்கலம். முதலாம் ஆதித்த சோழனின் 14-ஆம் ஆட்சியாண்டு, ஏறத்தாழ கி.பி. 885. குணகீர்த்தி படாரரின் மாணாக்கி கனகவீரக் குரத்தியார் அங்கே இருந்தார். 500 மாணாக்கியருக்கும் 400 தவத்தினருக்கும் இடையே பிணக்கு எழுந்தது. கனகவீரக் குரத்தியாரையும் அவர் மாணாக்கியரையும் தாங்களே காத்து உணவளிப்பதாக ஊரார் ஏற்றுக் கல்லில் எழுதிவைத்தனர். சண்டையைப் பற்றிய கல்வெட்டை விழா மலரில் எழுதலாமா என்று சிலர் தயங்கக்கூடும். அந்தச் சண்டை நடந்திராவிட்டால் வேடால் மலையடியில் ஐந்நூறு பெண்கள் கல்வி பயின்றார்கள் என்பது நமக்குத் தெரிந்தே இராது. ஐந்நூறு பெண்கள் வீட்டை விட்டு வந்து படிக்கும் பள்ளி, பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன்! அவர்களுக்குச் சோறு தடைப்படும் நிலை வந்தபோது, எந்தப் பக்கம் நிற்பது என்று ஊர் முடிவு செய்தது. பெண்ணாசிரியரின் பக்கம் நின்றது.

நீலகேசி என்னும் நம் காப்பியத்தில் பெண் ஒருத்தி ஊர் ஊராகச் சென்று பௌத்தரோடும் ஆசீவகரோடும் சாங்கியரோடும் வேதவாதியரோடும் வாதிட்டு வெல்கிறாள். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936-இல் அதனைப் பதிப்பித்துத் தமிழுலகுக்குத் தந்தார். வாதத்துக்குப் பெண்ணைத் தலைவியாக்கும் துணிவு அப்புலவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், குரத்தியார் கற்பித்த நாட்டில் அது பெரிய துணிவன்று என்பேன்.

பதினோராம் நூற்றாண்டுக்குப் பின் குரத்தி என்னும் சொல் கல்வெட்டுகளில் அருகி மறைந்துபோகிறது. பள்ளிகள் மெலிந்தன, பள்ளிச்சந்த நிலங்கள் கைமாறின, எஞ்சிய குடும்பங்கள் உழவோடு உழவாக ஊர்களில் ஒடுங்கின. பெண்ணுக்கு மிஞ்சியவை நோன்பும் அடுக்களையுமே. நம் பாட்டிமார் பலர் எழுத்தறியாதவர்களாகவே இருந்து, புராணத்தையும் பக்தாமரத்தையும் செவிவழியாகக் கேட்டு மனப்பாடமாகவே காத்தனர். குரத்தியார் மரபின் கடைசி இழை அதுவே என்று சொல்லலாம்.

இன்று நம் வீட்டுப் பெண்குழந்தைகளுக்குச் சந்தனா என்று பெயரிடுகிறோம். விலங்கு பூட்டப்பட்டுக் கிடந்தும் மகாவீரருக்கு உணவிட்டு, பின்னர் ஆர்யிகைகளுக்கெல்லாம் தலைவியானவளின் பெயர் அது. பிராமி, சுந்தரி என்றும் பெயரிடுகிறோம். குணந்தாங்கி என்று பெயரிட்ட வீட்டை நான் இதுவரை கண்டதில்லை. அழைக்க இனிய பெயர்.